நாற்பத்தொன்றாம் எண் சான்றிதழ்

இன்று காலை அந்தப் பழைய கணினியைத் திறந்தேன். மாடிப்படிக்கு அடியில், இரும்பு அலமாரிக்குள் நீ பூட்டி வைத்த அதே கணினிதான். இணையக் கம்பி சொருகும் ஓட்டையின் மேல் நீ ஒட்டிய பிளாஸ்திரி இன்னும் உரியவில்லை. திரை சூடேறியதும் தூசி கருகும் வாடை வந்தது. அது மூக்கில் ஏறிய நொடியில் எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். உன் மேல்தான்.

மற்ற எல்லாச் சான்றிதழ்களுக்கும் தாயாக, நீ ஐந்து வருட ஆயுள் கொடுத்து உருவாக்கிய மூலச் சான்றிதழ் இன்று மாலையோடு முடிகிறது. புதியது தயாராகி, மருத்துவமனையின் எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. பழையதை அழிக்கும் வேலை மட்டும் பாக்கி இருந்தது. அதை நான் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டேன். அழிப்பதற்கு முன்னால் நீ வழங்கிய சான்றிதழ்களின் பட்டியலை ஒருமுறை பார்த்தேன். ஒன்று முதல் நாற்பது வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் பெயர், ஊரின் பெயர். நாற்பத்தொன்றாவது வரியில் ஆளும் இல்லை, ஊரும் இல்லை. ‘பொது’ என்று மட்டும் இருக்கிறது. அது நீ உருவாக்கியது இல்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று நீயாக முடிவு செய்தாய். அதுதான் கோபம்.

நாம் இருவரும் ஒரே திங்கட்கிழமை அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்ந்தோம். நான் எழுமலையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவேன். நீ மதுரை மகாலுக்குப் பின்னால் இருந்த உன் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடுவாய். வீட்டில் சௌராஷ்டிர மொழி, என்னிடம் மதுரைத் தமிழ், கணினியிடம் கெட்ட வார்த்தை என்று உனக்கு மூன்று பாஷை இருந்தது.

உசிலம்பட்டி, எழுமலை, நாகமலை புதுக்கோட்டை என்று சுற்றுப்பட்டு ஊர்களில் நம் மருத்துவமனை ரத்தப் பரிசோதனை மையங்களைத் திறந்துகொண்டிருந்த காலம். ரத்தம் வேனில் மதுரைக்கு வரும். முடிவு இணையம் வழியாக மையத்துக்குத் திரும்பிப் போகும். முதல் வாரத்திலேயே நீ மேலாளரிடம் போய் நின்றாய்.

“சார், இப்படியே அனுப்புனா தபால் கார்டுல எழுதி அனுப்புற மாதிரி. போற வழியில எவன் வேணா படிப்பான்.”

வி.பி.என். என்ற பெயரையே அந்தக் கட்டடத்தில் முதலில் சொன்னவள் நீதான். பொது வழியில் போனாலும் பூட்டுப் போட்டுப் போகும் ஏற்பாடு. மையத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி, அந்தச் சாவி இன்னாருடையது என்று நாம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தனிச் சான்றிதழ். அது இருந்தால்தான் மதுரைக் கணினி கதவைத் திறக்கும். நீ உருவாக்குவாய். நான் பிளாப்பியில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேருந்தில் போய்க் கொடுத்துவிட்டு வருவேன்.

“எதுக்குடி இம்புட்டு? மையத்துக்கு ஒண்ணு குடுத்தாப் பத்தாதா?” என்று நான்தான் கேட்டேன். எனக்குப் பேருந்தில் அலைந்து அலுத்திருந்தது.

“ஒருத்தன் வேலைய விட்டுப் போனா அவன் சான்றிதழை மட்டும் ரத்து பண்ணலாம். எல்லாருக்கும் ஒரே சாவின்னா யாரை ரத்து பண்ணுவ? உன்னையா?”

சான்றிதழில் கையெழுத்திடும் மூலச்சாவி அந்தப் பழைய கணினிக்குள் இருந்தது. எந்த வலையிலும் சேராத கணினி. அந்தச் சாவியைத் திறக்க நாற்பது எழுத்துக் கடவுச்சொல். முதல் பாதி உனக்குத் தெரியும், பின்பாதி எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நீ அடித்துவிட்டு எழுந்து போவாய். நான் உட்கார்ந்து மிச்சத்தை அடிப்பேன்.

“என் மேல சந்தேகமாடி?” என்றேன்.

“என் மேலதான். ஒத்தை ஆளு கையில இருந்தா அந்த ஆளை மிரட்டினாப் போதும். ரெண்டு பேருன்னா ரெண்டு பேரையும் மிரட்டணும்ல?”

மிரட்டவே வேண்டியிருக்கவில்லை. நலம் விசாரித்தார்கள், அதுவே போதுமானதாக இருந்தது.

உன் தங்கை கல்யாணத்துக்காக நீ ஐந்து நாள் விடுப்பில் பரமக்குடி போயிருந்தாய். ஆறு புது மையங்களை ஒரே நல்ல நாளில் திறப்பதென்று மேலே முடிவாகிவிட்டது. இருபது பேருக்கு மேல் ஆட்கள், ஒருவருக்கும் சான்றிதழ் இல்லை. உன் பாதிக் கடவுச்சொல்லை ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்து மேலாளரிடம் கொடுத்திருந்தாய், உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் உடையுங்கள் என்று. அவர் அதை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஒரே கீ போதும்மா. ‘பொது’ன்னு பேர் போட்டு எல்லா மையத்துக்கும் அதையே குடுத்துரு. அந்தப் பொண்ணு வந்தப்புறம் மெதுவாத் தனித்தனியாப் பாத்துக்கலாம்.”

“அவ வரட்டும் சார். நாலு நாள்தானே.”

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். “அப்பா எப்படிம்மா இருக்கார்? மூணாம் மாடியில நல்லாப் பாத்துக்கிறாங்கள்ல?”

எங்கள் அய்யாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ரத்தச் சுத்திகரிப்பு. ஊழியரின் குடும்பம் என்பதால் கிடைத்த சலுகை. வேலை போனால் அதுவும் போகும். மேலாளர் அதைச் சொல்லவில்லை, விசாரிக்க மட்டும் செய்தார். நான் படியிறங்கிப் போய்ப் பின்பாதியை அடித்தேன். நாற்பத்தொன்றாம் எண் பிறந்தது.

நீ திரும்பி வந்த அன்று பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாய். கேட்க வேண்டியிருக்கவில்லை.

“இத இப்பவே ரத்து பண்ணணும்டி.”

“ஆறு மையமும் இதுலதான் ஓடுது. ரத்து பண்ணா ரிசல்ட் போகாது. ஜுரத்தோட உக்காந்திருக்கிற பிள்ளைங்களுக்கு என்ன சொல்லச் சொல்ற?”

உன்னை மடக்கும் கேள்வி எது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் கேட்டேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருபது பேருக்கும் தனிச் சான்றிதழ் தயாரிக்க உட்கார்ந்தாய். மூன்று வாரம் ஆகும் என்றாய். மேலாளருக்கு ஒரு கடிதமும் எழுதினாய்: நான் விடுப்பில் இருந்தபோது உருவாக்கப்பட்ட பொதுச் சான்றிதழ் ஆபத்தானது, அதற்கு நான் உடன்படவில்லை. நகலை உன் பைக்குள் மடித்து வைத்ததை நான் பார்த்தேன். அதில் என் பெயரை நீ எழுதவில்லை.

அந்த மூன்று வாரத்துக்குள், ஆறில் ஒன்றான எழுமலை மையத்தில் ஒருவன் சண்டை போட்டு வேலையை விட்டுப் போனான். தனிச் சான்றிதழ் இருந்திருந்தால் அன்று மாலையே அவன் பெயரை ரத்து செய்திருப்பாய். அவன் ‘பொது’வை ஒரு குறுந்தட்டில் நகலெடுத்துக்கொண்டு போய், தன் வீட்டுக் கணினியில் போட்டிருக்கிறான். கதவு திறந்தது. தனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்திருக்கிறான்.

அப்படி அவனிடம் சிக்கியது எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியின் முடிவு. பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை அவள் பெயர் வெளியே போனது போதும். கணவன் செத்து ஏழு மாதம், கையில் நான்கு வயதுப் பெண் குழந்தை. அவளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்ற முடிவு, அதை அவளிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டிய மருத்துவர் சொல்வதற்கு முன்பே, தாளில் அச்சாகி அவள் கொழுந்தன் கைக்குப் போனது. மறுநாள் காலையில் அவளுடைய பெட்டியும் பாத்திரங்களும் தெருவில் கிடந்தன. பால்வாடியில் குழந்தைக்குத் தனித்தட்டு வைத்தார்கள். இரண்டாம் நாள் தட்டும் இல்லை, வர வேண்டாம் என்றார்கள்.

அவள் அண்ணன் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மதுரைக்கு வந்து வரவேற்பறையில் நின்று கத்தினார். “எங்க பிள்ளை மானத்தை எவன்டா காகிதத்துல அடிச்சு வித்தது?” தாளின் அடியில், எடுத்தவர் யார் என்ற இடத்தில், ‘பொது’ என்று அச்சாகியிருந்தது.

விசாரணை அறையில் நான்கு பேர் இருந்தோம். நிர்வாக அதிகாரி, மேலாளர், நீ, நான். மேலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சாவிக்கெல்லாம் இந்தப் பொண்ணுதான் சார் பொறுப்பு. இவங்க அனுமதி இல்லாம ஒண்ணுமே வெளிய போகாது.”

உன் பை மடியில் இருந்தது. நகல் பைக்குள் இருந்தது. எடுத்துப் போட்டால் போதும். நீ விடுப்பில் இருந்த நாள், உடைந்த உறை, எல்லாம் வெளியே வரும். அடுத்த கேள்வி, மறுபாதியை அடித்தது யார் என்பதாக இருக்கும். நீ என்னை ஒரு நொடி பார்த்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், நீ சொல்லியிருந்தால் நான் ஆமாம் என்று எழுந்திருப்பேன். நீ சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன். நானாகச் சொல்ல எனக்கு வாய் இருந்தது என்பதை இப்போதுதான் எழுத முடிகிறது.

“சாவி என் பொறுப்புதான் சார்,” என்றாய்.

அன்றே உன்னிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். மறுநாள் உன் வேலையை எனக்கே கொடுத்தார்கள். இதைவிட ஒரு செருப்படி இருக்கிறதா, சொல்.

ராஜினாமா கொடுத்துவிட்டு நீ இறங்கிய அன்று, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஓடிவந்து உன் கையைப் பிடித்தேன். “ஏன்டி சொல்லல? ஏன்டி?”

நீ கையை உதறவில்லை. “இன்னைக்கு வெள்ளிக்கிழமை. உங்கய்யா மேல காத்துக்கிட்டிருப்பார். போய்ப் பாரு,” என்றாய்.

போனேன். அய்யாவின் கையில் ஊசி ஏறியிருந்தது. குழாயில் அவர் ரத்தம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. “என்னத்தா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். அதன்பிறகு அவர் ஒரு வருடம் நான்கு மாதம் இருந்தார். அது நீ கொடுத்த நாள் என்று அவருக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு சாக்கு இருந்தது. அய்யா போன பிறகு என்ன சாக்கு? காரியம் முடிந்த மறுவாரமே நிர்வாகத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்கு, அடுத்த மாதம், தீபாவளி கழியட்டும் என்று இருந்தேன். அதற்குள் உன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். மதுரையில் நீ ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. சாவியை வெளியே விட்ட பெண்ணா என்று கேட்டார்கள். கடைசியில் திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வக உதவியாளர் வேலை. வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போனவள், தினமும் வேனில் நெருக்கிக்கொண்டு முப்பது மைல் போய் வந்தாய். ஒரு மழைக்காலைப் பொழுதில் அந்த வேன் மேல் லாரி ஏறியது.

நீ போன செய்தி கேட்டும் நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் உன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சுவரோரமாக, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உன் அம்மா, “உசிலம்பட்டியிலருந்து வந்திருக்கு. எம் மக கூட ஆஸ்பத்திரிக்குப் போகும்,” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண்தான் சொன்னாள்.

“அவுக எங்க அம்மா வீட்டுக்கு வந்து தேடிக் கண்டுபிடிச்சாகக்கா. எங்க அண்ணன் அருவாளைத் தூக்கிட்டு வந்துச்சு. அசரலையே. ‘உங்க ரிசல்ட்டு வெளிய போனதுக்கு நான் பொறுப்பு, என்ன செய்யணும்னு சொல்லுங்க’ன்னு நின்னாக. மாசாமாசம் மாத்திரை வாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு என்னைய ஒத்தையில விட்டதில்ல. வரிசையில கூடவே நிப்பாக. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டது அவுகதான்.”

இரண்டு வருடம். நீ செய்யாத தப்புக்கு இரண்டு வருடம், மாதம் தவறாமல் அவளுடன் வரிசையில் நின்றிருக்கிறாய். பெரியாஸ்பத்திரி நம் மருத்துவமனையிலிருந்து எம்புட்டுத் தூரம்? ஒருநாள் எட்டிப் பார்த்து, வாடி, நீயும் வந்து நில் என்று என்னைக் கூப்பிடத் தோன்றவில்லையே உனக்கு. உன் பெருந்தன்மையில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கினாய். என் தப்பில் எனக்கு இடம் தரவில்லை.

உன் அம்மாவுக்கு முன்னால், அந்தக் குழந்தைக்கு முன்னால் சொன்னேன். “அவ பொறுப்பில்ல. நான்தான் செஞ்சேன். அவ ஊர்லயே இல்லாத அன்னைக்கு, நான் செஞ்சது.”

உன் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். நிதானமாகக் கேட்டாள்.

“அப்ப இம்புட்டு நாளா நீங்க எங்க இருந்தீக?”

எழுந்து வந்தேன். அடுத்த நாள் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன், நடந்தது அத்தனையும், என் கையெழுத்தோடு. உன் பையிலிருந்த நகலை உன் தங்கை தேடி எடுத்துத் தந்தாள். அதையும் இணைத்தேன். மேலாளர் அதற்குள் வேறு ஊரில் பெரிய பதவிக்குப் போயிருந்தார். அவர் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. புது அதிகாரி தாளைப் படித்துவிட்டு, “முடிஞ்ச கதைம்மா. இனி யாருக்கு என்ன லாபம்?” என்றார்.

“அவ பேர்ல தப்பில்லைன்னு எழுத்துல வேணும் சார். என்னை வேலைய விட்டு எடுக்கிறதா இருந்தா எடுங்க.”

எடுக்கவில்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லையாம். பதினோரு முறை நடந்து, ஐந்து மாதம் கழித்து, உன் மேல் சுமத்தப்பட்ட பொறுப்பு தவறானது என்று இரண்டு வரி வாங்கினேன். உன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படிக்கவில்லை. மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

அந்தப் பெண்ணுக்கு மாத்திரை வாங்கும் நாள் எது என்று உன் தங்கைக்குத் தெரிந்திருந்தது. அந்த நாளில் விடுப்புப் போட்டுப் பெரியாஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். அவள் பார்த்தாள். “நீங்க வர வேணாம்,” என்றாள். சரி என்றேன். ஆனால் போகவில்லை. வரிசையில் ஓர் ஆள் இடம் விட்டு, அவளுக்குப் பின்னால் நின்றேன். அடுத்த மாதமும் நின்றேன். அதற்கடுத்த மாதமும். அவள் பேசவில்லை. ஏழாவது மாதம் கூட்டம் அதிகம், உள்ளே போக மதியமாகிவிடும் போலிருந்தது. குழந்தைக்குத் தாகம். அவள் திரும்பிப் பார்க்காமலே, “பாப்பாவைப் பிடிங்க, தண்ணி வாங்கிட்டு வாரேன்,” என்றாள்.

பிடித்துக்கொண்டேன். கனமாக இருந்தாள். தலையில் எண்ணெய் வாடை. அவள் மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒரு கை தேவைப்பட்டது, என் கை பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான். இப்போதும் மாதாமாதம் போகிறேன். வரும் புதன்கிழமையும் போவேன்.

பழைய மூலச்சாவியை இன்று மாலை அழித்துவிட்டேன். உன் கோபக்காரத் தோழியாகத்தான் இன்னும் இருக்கிறேன். அந்த அறையில் நீ வாயைத் திறந்திருந்தால் எனக்கு வேலை போயிருக்கும், அய்யா சீக்கிரம் போயிருப்பார், நான் உன்னைச் சபித்திருப்பேன். தெரியும். ஆனால் அந்த மழைக்காலையில் நீ வீட்டிலிருந்து நடந்து, குடையை உதறிக்கொண்டு, மருத்துவமனையில் உன் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பாய். நான் சபித்துக்கொண்டிருக்க, நீ உயிரோடு இருந்திருப்பாய்.